டேபிள்ல ஒரே ரோ ரெண்டு தடவை நிக்குது, ஆட்டோ இன்க்ரிமென்ட் ஐடி போட்டா தீர்ந்துடுமா?

பவானி_தேவ் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். தனியார் பால் கொள்முதல் பண்ற ஒரு கம்பெனியோட சாஃப்ட்வேரை நாங்க பார்த்துக்கிறோம், டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் 8, முன்னாடி வேற டீம் எழுதினது, இப்ப எங்க கைக்கு வந்திருக்கு. கிராமத்து கலெக்ஷன் சென்டர்ல விவசாயிங்க காலையும் சாயங்காலமும் வந்து பால் ஊத்துவாங்க, தராசுல லிட்டர், அனலைசர்ல ஃபேட் (கொழுப்பு), எஸ்என்எஃப் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) எடுத்ததும் அங்க இருக்கற டேப்லெட் அதை சர்வருக்கு அனுப்பிடும். பத்து நாளைக்கு ஒருக்கா கணக்கு முடிச்சு பேங்க்ல பணம் போடுவாங்க.

போன பில்லுல ஒரு மெம்பருக்கு தொகை கூட வந்திருக்குன்னு சென்டர்ல இருந்து போன் பண்ணாங்க. திறந்து பார்த்தா பால்_வரவு டேபிள்ல இந்த ரோ அப்படியே ரெண்டு இருக்கு:

சென்டர் 17 | மெம்பர் 412 | 2025-06-03 | காலை | பசு | 6.5 லி | ஃபேட் 4.1 | எஸ்என்எஃப் 8.3 | ரேட் 36.00 | தொகை 234.00

ஒரு புள்ளி கூட வித்தியாசம் இல்ல. டேபிள்ல பிரைமரி கீ (ஒவ்வொரு ரோவையும் தனியா அடையாளம் காட்டற காலம், அதாவது column) கிடையாது, யூனிக் இன்டெக்ஸும் (அதே மதிப்பு ரெண்டாவது தடவை வராம தடுக்கறது) கிடையாது. பிஎச்பிமைஅட்மின்ல ஒண்ணை அழிக்கலாம்னு போனா தனித்துவமான காலம் எதுவும் இல்லாததால எடிட், டெலீட் ரெண்டும் கிடையாதுன்னு சொல்லிடுது. வேர் (WHERE) கண்டிஷன் போட்டு டெலீட் குடுத்தா ரெண்டும் சேர்ந்து போயிடும். கவுண்ட் போட்டு பார்த்தப்ப இது மாதிரி நிறைய ஜோடி இருக்கு, ஒண்ணு ரெண்டு இல்ல.

எங்க சீனியர் சொல்றார், ஐடின்னு ஒரு ஆட்டோ இன்க்ரிமென்ட் காலம் (டேட்டாபேஸே 1, 2, 3ன்னு நம்பர் போட்டுக்கறது) சேர்த்து அதை பிரைமரி கீ ஆக்கிடு, எல்லாம் யூனிக் ஆகிடும்னு. கூட வேலை பாக்கற பொண்ணு அது தப்புன்னு சொல்றாங்க, மெம்பர்+தேதி+ஷிஃப்ட் மூணும் சேர்த்து காம்போசிட் கீ போடணும்னு. எது சரி? அதோட இருக்கற டூப்ளிகேட்டை எப்படி பத்திரமா எடுக்கறது? இது விவசாயிங்க பணம்ங்கறதால கை வைக்கவே தயக்கமா இருக்கு.


டிபிஏ_செல்வம்

தயங்கறது நல்லதுதான் தம்பி, அவசரப்பட வேணாம்.

முதல்ல உங்க சீனியர் சொன்னது. ஐடி காலம் வேணும், அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல, ஆனா அது டூப்ளிகேட்டை எடுக்காது, மறைச்சுடும். நாளைக்கு அந்த ரெண்டு ரோவும் 50011, 50012ன்னு வேற வேற நம்பரோட நிக்கும். இன்னைக்காவது செலக்ட் டிஸ்டிங்க்ட் ஸ்டார்னு போட்டா ரெண்டு ஒண்ணா சுருங்குது, ஐடி வந்த பிறகு அதுவும் சுருங்காது, டேட்டாபேஸ் பார்வைல அது ரெண்டு வேற வேற உண்மை. ஆஸ்பத்திரில ஒரே ஆள் ரெண்டு தடவை கவுண்டருக்கு போய் ரெண்டு டோக்கன் வாங்கிட்டா டோக்கன் நம்பர் வேறங்கறதால நோயாளி ரெண்டு பேர் ஆகிட மாட்டார்ல, அதேதான் இங்கயும்.

இந்தப் பிரச்சனையோட வேர் எங்க இருக்குன்னா, 1970ல ஐபிஎம்ல இருந்த எட்கர் காட் ரிலேஷனல் மாடல் பேப்பர் எழுதினப்ப ஒரு ரிலேஷனை, அதாவது டேபிளை, கணிதத்துல வர்ற செட்டாதான் வச்சார், செட்டுல ஒரே உறுப்பு ரெண்டு தடவை இருக்க முடியாது, அதனால அந்த மாடல்ல டூப்ளிகேட் ரோன்னு ஒண்ணு இருக்கவே வழியில்ல. அப்புறம் எஸ்கியூஎல் வந்தப்ப அந்தக் கண்டிப்பை விட்டுட்டாங்க. ஒவ்வொரு குவெரி ரிசல்ட்டுலயும் டூப்ளிகேட் எடுக்கணும்னா சார்ட் மாதிரி செலவான வேலை பண்ணனும், வேணுங்கறவன் டிஸ்டிங்க்ட் போட்டு கேட்டுக்கட்டும்னு முடிவு. ரிசல்ட்டுக்கு எடுத்த அந்த முடிவு டேபிளுக்கும் வந்துடுச்சு, அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் கீ இல்லாம கிரியேட் டேபிள் போட்டா எந்த பெரிய டேட்டாபேஸும் சாதாரண செட்டிங்ல உங்களைத் தடுக்கறதில்ல.

ஆக கீ போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்கு பதில் எழுதி வைங்க: இந்த டேபிள்ல ஒரு ரோன்னா நிஜத்துல என்ன? "ஒரு மெம்பர் ஒரு ஷிஃப்ட்ல ஊத்தின மொத்தப் பால்" அப்படின்னா உங்க டீம்ல அந்தப் பொண்ணு சொல்ற காம்போசிட் கீ சரி. "ஒரு தடவை தராசுல வச்ச பால்" அப்படின்னா அந்த கீ தப்பு. இதை டேட்டாபேஸ் சொல்லாது, சென்டர்ல வேலை பாக்கறவங்கதான் சொல்லணும்.

அழிக்கற விஷயம். டேபிளை அப்படியே ஒரு காப்பி எடுத்து வைங்க, அது இல்லாம எதையும் தொடாதீங்க. அப்புறம் எல்லா காலத்தையும் குரூப் பைல போட்டு ஹேவிங் கவுண்ட்(*) > 1 போட்டு ஜோடிகளை ஒரு தனி டேபிள்ல எடுத்து வைங்க. ஒண்ணு ரெண்டுன்னா டெலீட்டோட லிமிட் 1 போட்டாலே மைஎஸ்கியூஎல்ல வேலை நடக்கும், மொத்தமான்னா ஐடி காலத்தை சேர்த்துட்டு அதே டேபிளை தன்னோடவே ஜாயின் பண்ணி ஏ.ஐடி > பி.ஐடி இருக்கறதை அழிக்கலாம், இந்த இடத்துலதான் ஐடி நிஜமாவே உதவுது. ஜாயின்ல கவனம், ஏதாவது காலம் நல்னு (NULL, மதிப்பே இல்லாம) இருந்தா சாதா ஈக்வல் மேட்ச் ஆகாது, <=> போடணும், இல்லன்னா எஸ்என்எஃப் வராத ரோவெல்லாம் தப்பிச்சு நின்னுடும். போஸ்ட்கிரெஸ் ஆளுங்க யாராவது இதைப் படிச்சா உங்களுக்கு சிடிஐடி இருக்கு, ஆரக்கிள்ல ரோஐடி இருக்கு, அழிக்கற நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்க, அது ரோ இருக்கற இடத்தோட முகவரி, போஸ்ட்கிரெஸ்ல ஒரு அப்டேட்லயே மாறிடும், எங்கயும் சேமிச்சு வைக்காதீங்க.

இன்னொண்ணு, இன்னோடிபில (மைஎஸ்கியூஎல்ல டேட்டாவை சேமிக்கற எஞ்சின்) ஆட்டோ இன்க்ரிமென்ட் காலம் சேர்க்கற ஆல்டர் கமாண்ட் ஓடற நேரத்துல மத்தவங்க அந்த டேபிள்ல எழுத முடியாது. பால் எடுக்கற நேரத்துல ஓட்டிடாதீங்க, மத்தியானம் ஓட்டுங்க.


கறவை_கார்த்தி

செல்வம் அண்ணன் சொன்ன அந்த ஒரு கேள்வில நின்னு பேசறேன், ஏன்னா எங்க வீட்டுலயே மாடு இருக்கு, தினம் ரெண்டு வேளை சென்டருக்கு பால் போகுது.

மெம்பர்+தேதி+ஷிஃப்ட் யூனிக்னு போட்டுடாதீங்க. ஒரே மெம்பர் நம்பர்ல ஒரே காலைல ரெண்டு தடவை ஊத்தறது ரொம்ப சாதாரணம். அம்மா ஆறு மணிக்கு ஒரு கேன் கொண்டு போவாங்க, தோட்டத்துல இருக்கற மாட்டை லேட்டா கறந்து பையன் ஏழு மணிக்கு இன்னொரு கேன் கொண்டு வருவான், ரெண்டும் ஒரே நம்பர். பசுவும் எருமையும் வச்சிருக்கறவங்க ரெண்டையும் தனித்தனியா ஊத்துவாங்க. நீங்க அந்த யூனிக்கை போட்டா ரெண்டாவது கேனை சிஸ்டம் எடுக்காது, சென்டர் பையன் என்ன பண்ணுவான், பக்கத்து வீட்டு நம்பர்ல அடிச்சு விடுவான், இல்ல பழைய நோட்டுல எழுதி வைப்பான், அப்புறம் உங்க டேட்டா சுத்தமா இருக்கும், ஆனா உண்மையா இருக்காது.

அதுவும் முழுசா ஒண்ணா இருக்கற ரோவெல்லாம் டூப்ளிகேட்னு நினைக்காதீங்க. அரை லிட்டர் கால் லிட்டருக்கு ரவுண்ட் பண்ற சென்டர் இருக்கு, ஒரே மாட்டுப் பாலை ரெண்டு கேன்ல சமமா ஊத்திக் கொண்டு வந்தா லிட்டர், ஃபேட், எஸ்என்எஃப் எல்லாம் ஒண்ணா வர நல்ல வாய்ப்பு இருக்கு. டேபிள்ல நேரமே இல்ல, அதனால பார்த்தா ஒரே ரோ ரெண்டுன்னுதான் தெரியும். குரூப் பை போட்டு கண்ணை மூடிட்டு அழிச்சா ஒருத்தர் உழைச்ச காசு போயிடும். அந்த 234 ரூபாய்ங்கறது தீவனத்துக்கு எடுத்து வச்ச காசு, அவங்களுக்கு அது சின்னத் தொகை இல்ல.

டூப்ளிகேட் எப்படி வருதுன்னு பாருங்க. என் கணிப்பு, டேப்லெட் ரிக்வெஸ்ட் அனுப்புது, சர்வர் இன்சர்ட் பண்ணிடுது, ஆனா பதில் திரும்பி வர்றதுக்குள்ள சிக்னல் போயிடுது, டேப்லெட் பார்வைல அது ஃபெயில், சிக்னல் வந்ததும் மறுபடி அனுப்புது. சர்வருக்கு ரெண்டும் புது ரிக்வெஸ்ட். இந்த இடத்துல சர்வர் போடற ஆட்டோ இன்க்ரிமென்ட் ஐடி எதுக்கும் உதவாது, ஏன்னா ரெண்டாவது தடவை வர்றப்ப ரெண்டாவது நம்பர் குடுத்துடும். நம்பர் எங்க பிறக்கணுமோ அங்க பிறக்கணும், அதாவது தராசு பக்கத்துல. டேப்லெட்லயே ஒவ்வொரு ஊத்தலுக்கும் ஒரு நம்பர் போட்டு, முதல்ல டேப்லெட்ல இருக்கற எஸ்கியூலைட்ங்கற சின்ன டேட்டாபேஸ்ல எழுதி, அப்புறம் அதே நம்பரோட சர்வருக்கு அனுப்பணும். எத்தனை தடவை அனுப்பினாலும் அதே நம்பர். சர்வர்ல அந்தக் காலத்துக்கு யூனிக் போட்டுட்டா ரெண்டாவது வர்றது உள்ள போகாது.

அதுவும் செயற்கை கீதான், அதாவது நாமளே உருவாக்கற நம்பர். ஆனா ரோ உருவாகற நேரத்துல பிறக்காம நிகழ்வு நடக்கற நேரத்துல பிறக்குது, எனக்கு இந்த ஒரு வித்தியாசம்தான் முக்கியம்.

நம்பர் எப்ப போடணும்ங்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. சேவ் பட்டன் அமுக்கறப்ப போட்டா, கூட்ட நேரத்துல பட்டனை ரெண்டு தடவை தட்டினா ரெண்டு நம்பர் பிறந்துடும், யூனிக் அதைப் பிடிக்காது. தராசுல எடை நின்னதும், அதாவது அந்த என்ட்ரி ஸ்கிரீன் திறந்த உடனே நம்பர் போட்டுடுங்க, அப்புறம் எத்தனை தடவை தட்டினாலும் ஒண்ணுதான்.

உங்க சென்டர்ல சிலிப் பிரிண்ட் ஆகுதா? ஆகுதுன்னா அதுல சிலிப் நம்பர் இருக்கணுமே, அது ஏன் டேபிள்ல இல்ல?


நிரோ_யாழ்

உங்கட பால் கணக்குக்கு நேரடிச் சம்பந்தமில்லை எண்டாலும் இயற்கைக் கீயை (வெளியில ஏற்கனவே இருக்கிற இலக்கத்தைக் கீயா வைக்கிறதை) நம்பி இறங்கிறவைக்கு ஒண்டு சொல்லோணும் எண்டு நினைக்கிறன். நான் கொழும்பில ஒரு கிளினிக்கின்ர சிஸ்டம் பாக்கிறன். அதில பேஷன்ட் டேபிளுக்கு தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே பிரைமரி கீயா வச்சிருந்தவை, ஆளுக்கு ஒரு இலக்கம்தானே, இதைவிட வேற என்ன வேணும் எண்டு.

இஞ்ச பழைய அட்டையில ஒன்பது இலக்கமும் கடைசியில வி இல்லாட்டி எக்ஸ் எண்ட எழுத்தும் இருக்கும். 2016ல இருந்து புது அட்டை, பன்னிரண்டு இலக்கம், எழுத்து இல்லை. பழைய அட்டையும் செல்லும், புதுசும் செல்லும். ஒரே ஆள் போன வருசம் பழைய அட்டையோட வந்து பதிஞ்சிருப்பார், இந்த வருசம் புது அட்டையோட வருவார், ரிசெப்ஷன்ல இருக்கிற பிள்ளை தேடிப் பாத்தா ஆள் இல்லை, புதுசா பதிஞ்சு விடுவா. ரெண்டு கீயும் வேறை, டேட்டாபேஸுக்கு ரெண்டு ஆள், ஆனா அவற்ற மருந்து ஒவ்வாமை பழைய ரோவில மட்டும்தான் இருக்கு. நினைச்சுப் பாருங்கோ.

பழசை புதுசா மாத்த வழி இருக்கு, முன்னுக்கு 19 போட்டு, பழைய இலக்கத்தின்ர அஞ்சாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு சைபர் போட்டு, கடைசி எழுத்தை எடுத்தா சரி. அப்பிடி மாத்தி ஒப்பிட்டா கனக்க ஜோடி பிடிபடும். ஆனா அந்த இலக்கத்துக்குள்ளயே பிறந்த வருசமும் நாளும் இருக்கு, பெண்களுக்கு நாளோட 500 கூட்டி இருக்கும், அதால பதிவில ஒரு பிழையைத் திருத்தினா இலக்கமே மாறக் கூடும். வெளியில இருந்து வாற இலக்கம் எதுவும் உங்கட கட்டுப்பாட்டில இல்லை, அதைக் குடுக்கிறவை எப்பவும் மாத்தலாம். பிரைமரி கீயா அதை வச்சா, அதைப் பாத்து நிக்கிற அத்தனை டேபிளிலயும் ஃபாரின் கீயை (அந்தக் கீயைக் குறிக்கிற காலத்தை) மாத்த வேண்டி வரும்.

எங்கட தீர்வு, உள்ளுக்கு ஒரு நம்பர், அது பிரைமரி கீ, எவருக்கும் காட்டிறதில்லை. அடையாள அட்டை இலக்கத்தை ஒரே வடிவத்துக்கு மாத்தி தனிக் காலத்தில வச்சு அதுக்கு யூனிக். ரெண்டும் வேணும், ஒண்டு போட்டா மற்றது வேண்டாம் எண்டு இல்லை. எட்கர் காட்டே 1979ல எழுதின ஆர்எம்/டி பேப்பரில சரோகேட் எண்டு இதைத்தான் சொன்னவர், சிஸ்டம்தான் அதை உருவாக்கோணும், அதின்ர பெறுமதியை பாவனையாளர் மாத்தவும் கூடாது, பாக்கவும் கூடாது எண்டு. இப்ப ஐடி எண்ட பேரில அதை இன்வாய்ஸ் நம்பராவும் ரசீது நம்பராவும் அச்சடிச்சுக் குடுத்துப்போட்டு, பிறகு இடையில நம்பர் விடுபட்டிட்டு எண்டு ஆடிட்டருக்குப் பதில் சொல்ல ஏலாமல் நிக்கினம்.


பவானி_தேவ்

நிரோ சொன்னதைப் படிச்சதும் எங்க மெம்பர் டேபிளை போய் பார்த்தேன். அங்க மெம்பர் நம்பர்தான் பிரைமரி கீ, ஆனா ஒரு மெம்பர் விலகினா அந்த நம்பரை புதுசா வர்றவங்களுக்கு குடுத்துடறாங்க! பேரை மட்டும் அப்டேட் பண்ணிடறாங்க. அப்ப பழைய ஆள் ஊத்தின பாலெல்லாம் இப்ப புது ஆள் பேர்ல நிக்குதுங்க. டூப்ளிகேட் தேடப் போய் இது வேற கிளம்பிடுச்சு.

கார்த்தி கேட்ட சிலிப். ஆமா, சின்ன தெர்மல் பிரிண்டர்ல சிலிப் வருது, அதுல வரிசை எண் இருக்கு, ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் 1ல இருந்து ஆரம்பிக்கும். ஆப் அதை பிரிண்ட் மட்டும் பண்ணுது, சர்வருக்கு அனுப்பறதே இல்ல. டேப்லெட்ல உள்ள எஸ்கியூலைட் ஃபைல்ல ஆனா இருக்கு.

இன்னொரு சந்தேகம், அந்த டேப்லெட்ல போடற நம்பருக்கு யூயூஐடி (எங்க உருவாக்கினாலும் இன்னொண்ணோட மோதாத நீளமான அடையாள எண்) போடலாமா, அதையே பிரைமரி கீ ஆக்கிட்டா ஐடியே வேணாமே?


மதுரை_குவெரி

போடலாம், ஆனா அதை பிரைமரி கீ ஆக்கறதுக்கு முன்னாடி இன்னோடிபி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும்.

இன்னோடிபில டேபிளே பிரைமரி கீ வரிசைலதான் டிஸ்க்ல நிக்கும். பிரைமரி கீ இல்லன்னா எல்லா காலமும் நாட் நல்னு (NOT NULL, காலியா விட முடியாதது) இருக்கற முதல் யூனிக் இன்டெக்ஸை எடுத்துக்கும், அதுவும் இல்லன்னா அதுவே 6 பைட்ல ஒரு மறைவான ரோ ஐடி வச்சுக்கும். அதாவது உங்க டேபிள்ல இப்பவே ஒரு செயற்கை கீ இருக்கு, உங்களால அதைக் கேட்க முடியாது, அவ்வளவுதான். 8.0.30ல இருந்து ஒரு செட்டிங் ஆன் பண்ணா கீ இல்லாத டேபிளுக்கு மைஎஸ்கியூஎல்லே கண்ணுக்குத் தெரியாத பிரைமரி கீ சேர்த்துடும், ஆனா அதுவும் சும்மா நம்பர்தான், செல்வம் சொன்ன மாதிரி டூப்ளிகேட்டை தடுக்காது. அது யாருக்கு நல்லதுன்னா ரெப்ளிகேஷன் (டேட்டாபேஸோட நகலை இன்னொரு சர்வர்ல ஓட விடறது) வச்சிருக்கறவங்களுக்கு, ரோ முறைல ரெப்ளிகேட் ஆகறப்ப கீ இல்லாத டேபிள்ல ஒரு பெரிய அப்டேட் ஓடினா ரெப்ளிகா பக்கம் ஒவ்வொரு ரோவுக்கும் டேபிளையே தேட வேண்டி வந்து மூச்சு வாங்கும்.

யூயூஐடி 16 பைட், பிக்இன்ட் (பெரிய முழு எண்) 8 பைட். மத்த ஒவ்வொரு இன்டெக்ஸும் பிரைமரி கீயை கூடவே தூக்கிட்டு போகும், அதனால அந்த எடை எல்லா இடத்துலயும் ஏறும். வெர்ஷன் 4 யூயூஐடி முழுக்க ரேண்டம், இன்சர்ட் டேபிள்ல எங்கெங்கயோ போய் விழும், பேஜ் (டிஸ்க்ல ரோக்களை வைக்கற பகுதி) பிளந்துட்டே இருக்கும். வெர்ஷன் 7ல முன்னாடி நேரம் இருக்கும், வரிசையா போய் சேரும், 2024 மே மாசம் ஆர்எஃப்சி 9562ல அது முறைப்படி வந்துடுச்சு, டேப்லெட் ஆப்ல லைப்ரரி வச்சு பண்ணிடலாம், ஆனா டேப்லெட் கடிகாரம் தப்பா இருந்தா வரிசை தப்பும், யூனிக்கா இருக்கறது போகாது. எதுவா இருந்தாலும் பைனரி(16)ல வைங்க, 36 எழுத்து வார்சாரா வைக்காதீங்க, அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

உங்க இடத்துல நான்னா, பிக்இன்ட் ஐடி பிரைமரி கீ, யூயூஐடி ஒரு யூனிக், சென்டர்+டேப்லெட்+தேதி+ஷிஃப்ட்+சிலிப் நம்பர் இன்னொரு யூனிக். எல்லாத்துக்கும் நாட் நல் கட்டாயம். நல் விட்டா யூனிக் போட்டும் பிரயோஜனம் இல்ல, மைஎஸ்கியூஎல்லயும் போஸ்ட்கிரெஸ்லயும் நல்லும் நல்லும் சமம் இல்ல, அதனால சிலிப் நம்பர் நல்னு (NULL) இருக்கற நூறு ரோ வந்தாலும் யூனிக் வாயைத் திறக்காது. போஸ்ட்கிரெஸ் 15ல இருந்து நல்ஸ் நாட் டிஸ்டிங்க்ட்னு சொல்ல வழி இருக்கு, எஸ்கியூஎல் சர்வர் நேர்மாறா யூனிக்ல ஒரே ஒரு நல்தான் விடும்.

மெம்பர் நம்பர் மறுபடி குடுக்கற விஷயம், அதுக்கு மெம்பருக்கும் உள்ளுக்குள்ள ஒரு ஐடி வேணும், மெம்பர் நம்பர் எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும் யார்கிட்ட இருந்ததுன்னு தனி டேபிள். அப்படியே பேங்க் டேபிளையும் பாருங்க, ஐஎஃப்எஸ்சியை பிரைமரி கீயா வச்சிருந்தாங்கன்னா அதுவும் இதே கதைதான். 2020 ஏப்ரல் 1ல அலகாபாத் பேங்க் இந்தியன் பேங்கோட சேர்ந்தப்ப கிளை அதே இடத்துல அதே கட்டடத்துல இருந்தது, கோடு மட்டும் பின்னாடி மாறிடுச்சு.


பவானி_தேவ்

ஒரு அப்டேட். எல்லா சென்டர் டேப்லெட்ல இருந்தும் எஸ்கியூலைட் ஃபைலை எடுத்து, சர்வர்ல இருந்த ஜோடியோட ஒப்பிட்டோம். கார்த்தி சொன்னதுதான் நடந்திருக்கு. டேப்லெட்ல ஒரே என்ட்ரி இருந்து சர்வர்ல ரெண்டா நின்னது பெரும்பாலும் மலைப்பக்கம் இருக்கற சென்டர்ங்க, சிக்னல் வந்து வந்து போற இடம். அது ரீட்ரை, அதாவது டேப்லெட் மறுபடி அனுப்பினது.

ஆனா சில ஜோடிக்கு டேப்லெட்லயே ரெண்டு சிலிப் நம்பர் இருந்துச்சு. ஒண்ணு சிலிப் 9, இன்னொண்ணு சிலிப் 31, நடுவுல இருபது பேருக்கு மேல ஊத்தியிருக்காங்க. சென்டர்ல கேட்டா ஆமாங்க அவங்க வீட்டுல ரெண்டு பேர் தனித்தனியா கொண்டு வருவாங்கன்னு சொன்னாங்க. மெம்பர் 412ம் இதுலதான் வர்றார்! தொகை கூட வந்திருக்குன்னு போன் வந்ததே, அது அதிகத் தொகையே இல்ல, அவர் அன்னைக்கு நிஜமாவே ரெண்டு கேன் ஊத்தியிருக்கார், சென்டர்ல ஷிஃப்ட்டுக்கு ஒரு என்ட்ரிதான் இருக்கும்னு நினைச்சு பார்த்திருக்காங்க. குரூப் பை போட்டு அழிச்சிருந்தா அவர் பணத்துல கை வச்சிருப்போம். இது தெரிஞ்சதும் டீம்ல எல்லாரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

ரீட்ரை ஜோடியை மட்டும் எடுத்தாச்சு, எடுத்ததெல்லாம் தனி டேபிள்ல காரணத்தோட இருக்கு. மதுரை_குவெரி சொன்ன மாதிரி மூணு கீயும் போட்டாச்சு. பழைய ரோவுக்கு டேப்லெட் ஃபைல்ல இருந்து சிலிப் நம்பரை நிரப்பிட்டோம், யூயூஐடி நாங்களே போட்டோம், ரீசெட் பண்ணின ரெண்டு டேப்லெட்டோட பழைய டேட்டா கிடைக்கல, அந்த ரோவெல்லாம் ஒரு பழைய வரவு டேபிளுக்கு மாத்தி வச்சிருக்கோம், நாட் நல்லை தளர்த்த மனசில்ல.

கடைசியா ஒண்ணு. ரெண்டாவது தடவை அதே யூயூஐடி வந்தா சர்வர்ல என்ன பண்றது? இன்சர்ட் இக்னோர் (மோதினா எர்ரர் குடுக்காம விட்டுடற இன்சர்ட்) போட்டா போதுமா?


டிபிஏ_செல்வம்

நல்ல வேலை பண்ணியிருக்கீங்க தம்பி, சென்டர்ல போய் கேட்டீங்க பாருங்க, அதைத்தான் நிறைய பேர் செய்யறதில்ல.

இன்சர்ட் இக்னோர் வேணாம். அது டூப்ளிகேட் எர்ரரை மட்டும் விழுங்காது, நாட் நல் காலத்துக்கு நல் வந்தா, நம்பர் எல்லைக்கு மேல போனா, அதையும் வார்னிங்கா மாத்திட்டு ஏதோ ஒரு மதிப்பைப் போட்டு உள்ள விட்டுடும். பணக் கணக்குல அது ஆகாது. ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்டும் உங்களுக்கு சரிப்படாது, இப்ப டேபிள்ல ரெண்டு யூனிக் இருக்கு, எதுல மோதினாலும் அது அப்டேட்டுக்கு போயிடும், சிலிப் நம்பர்ல மோதற வேற ஆளோட ரோவை மாத்தி எழுதினாலும் எழுதிடும்.

சாதா இன்சர்ட்டே போடுங்க, 1062 எர்ரர் (டூப்ளிகேட் கீ) வந்தா கோட்ல பிடிங்க. பிடிச்சதும் அந்த யூயூஐடியை வச்சு இருக்கற ரோவை எடுத்துப் பாருங்க. மெம்பர், லிட்டர், ஃபேட், எஸ்என்எஃப் எல்லாம் அப்படியே ஒத்துப்போனா டேப்லெட்டுக்கு ஓகேன்னே பதில் அனுப்புங்க, எர்ரர் அனுப்பாதீங்க, அனுப்பினா அது சாயங்காலம் வரைக்கும் திரும்பத் திரும்ப அனுப்பிட்டே இருக்கும். யூயூஐடி ஒண்ணு, ஆனா லிட்டர் வேறன்னா, இல்ல யூயூஐடி புதுசு ஆனா சிலிப் நம்பர்ல மோதுதுன்னா, அது ரீட்ரை இல்ல, ஆப்ல பக் இருக்கலாம், ரீசெட் பண்ணின டேப்லெட்ல சிலிப் நம்பர் 1ல இருந்து திரும்பவும் ஆரம்பிச்சிருக்கலாம், யாராவது டேப்லெட்ல எடிட் பண்ணியிருக்கலாம். அதை மெயின் டேபிளுக்குள்ள விடாம முரண்பாடுன்னு தனி டேபிள்ல போடுங்க, ஏற்கனவே இருந்ததும் இப்ப வந்ததும் ரெண்டும் முழுசா, எந்த சென்டர், எத்தனை மணிக்கு வந்ததுங்கறதோட. டேப்லெட்டுக்கு பெண்டிங்னு பதில் போகட்டும், ஓகேன்னு போகக் கூடாது.

மோதி நின்ன ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் ஆட்டோ இன்க்ரிமென்ட் ஒரு நம்பரை எரிச்சுடும், ஐடில இடைவெளி வரும், அதைப் பார்த்து ரோ காணாமப் போச்சுன்னு யாரும் பயப்பட வேணாம்னு டீம்ல சொல்லி வைங்க. பத்து நாள் பில் ஓட்டறதுக்கு முன்னாடி அந்த முரண்பாடு டேபிள்ல அந்தத் தேதிகளுக்கு பெண்டிங் ஒண்ணு இருந்தாக்கூட அந்த மெம்பரோட பில்லை நிறுத்தி, சென்டர்ல சிலிப்பைப் பார்த்து முடிச்ச பிறகு பேங்க் ஃபைல் ஜெனரேட் பண்ணுங்க.